ஆறாம் வகுப்பு அ பிரிவில் ஒரு மடி அதிகம்

மூலக்காட்டுப்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியில், மாலைக் கூட்டத்துக்கு வருகிற தாய்மார்கள் தங்கள் மடியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு வருகிற வழக்கம் எப்படித் தொடங்கியது என்று இப்போது நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், ஒருவர் சொல்வதில் மழை பெய்கிறது, இன்னொருவர் சொல்வதில் வெயில் அடிக்கிறது, மூன்றாமவர் சொல்வதில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே இல்லை, அதனால் அந்த நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் அங்கே நின்றுகொண்டிருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எண்ணிக்கை பிசகாமல் எழுதிவைக்கிறேன். எண்ணிக்கை மட்டும்தான் எனக்கு நிச்சயம். மற்றதில் எனக்கும் குழப்பம்தான்.

என் பெயர் பொன்னுரங்கம். அந்தப் பள்ளியில் அலுவலக உதவியாளர், அதாவது மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, நாற்காலி போடுவது, போட்ட நாற்காலியை எண்ணி எடுத்து வைப்பது. எட்டாம் வகுப்புவரை படித்தவன். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறேன், கல்யாணம் காட்சி எதுவும் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்து முப்பத்தொரு வருஷம். சேர்ந்த அன்றைக்கே தலைமையாசிரியர் அறை வாசலில் எனக்கென்று ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள், அதன்மேல் மணி அடிக்கிற கட்டையையும் சுற்றறிக்கை நோட்டையும் வைத்தேன், அவை அங்கேயே இருந்தன.

எங்கள் ஊரில் பெற்றோர் என்றால் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் என்று சீட்டு கொடுத்தால் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் ஒன்பது பேர் வருவார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியை ஜெபக்கனி டீச்சர் அந்த ஒன்பது பேரையும் பார்த்துவிட்டு, "இனிமே கம்பெனி விட்ட பிறகு, மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு" என்று மாற்றினார். வந்தார்கள். இடுப்பிலும் தோளிலும் கைப்பிடியிலுமாகப் பள்ளி வயது வராத குழந்தைகளையும் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் கம்பெனிக் குழந்தைக் காப்பகத்தை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள், வீட்டிலோ ஆள் இல்லை. குழந்தைகளை விட்டுவிட்டு வர ஒரு அறை வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி நாகமணி சொன்னாள். அவளும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள்தான், ஒரு தையல் பிசகினாலும் துணியைத் திருப்பி எறிகிற கை. மைக் சத்தம் எட்டாத ஒரே அறை கடைசியில் இருக்கிற ஆறாம் வகுப்பு அ பிரிவு. அதைத் திறந்து, பெஞ்சுகளை ஓரம் தள்ளி, பாய் விரித்து, பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் வெள்ளி ஜூலையில். குழந்தைகள் இருபத்து மூன்று. இருபத்து மூன்றும் ஒன்று சேர்ந்து அழுதன. ஒரு குழந்தை நிறுத்தினால் இன்னொன்று அதைப் பார்த்துவிட்டு அதற்கும் சேர்த்து அழுதது. அதில் தருண் என்கிற ஒன்றரை வயதுப் பையன் அழுதபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டான், உதடு நீலமாகி, பிறகு முகம் நீலமாகி, கை கால் விறைத்துக்கொண்டது, நான் மைதானத்தில் ஓடிப் போய் அவன் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவள் பெயர் பேச்சியம்மாள், தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைக்கிறாள். புருஷன் அசாம் பக்கம் லாரி ஓட்டுகிறான், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அவள் குழந்தையின் முகத்தில் ஊதி, முதுகில் தட்டி, மூச்சு வரவழைத்து, அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மைக் சத்தத்துக்கும் அவன் இப்படித்தான் ஆவானாம், அதனால் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

போனவளை ஜெபக்கனி டீச்சர் கேட்வரை ஓடிப் போய்ப் பிடித்தார். பேச்சியம்மாளின் மூத்த பெண் முகிலரசி பத்தாம் வகுப்பு. மாவட்டத் தலைநகரில் உள்ள விடுதிப் பள்ளிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுப்பதாக இருந்தது, பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது.

"அக்டோபர் வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார்ம்மா. பெத்தவங்க நேர்ல உக்காந்து அவர் கேக்குறதுக்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போடணும். அன்னைக்கு வரலேன்னா எடம் ரெண்டாவது பேருக்குப் போயிரும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"வந்துருவேன் டீச்சர்."

"இவனை வச்சுக்கிட்டு எப்படி வருவீங்க?"

"தெரியல டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள். "ஆனா வந்துருவேன்."

இரண்டாவது வெள்ளி ஆகஸ்டில், அறிவியல் கண்காட்சி. அன்றைக்குப் பேச்சியம்மாள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, ஆறாம் வகுப்பு அ பிரிவில் பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தருணை மடியில் போட்டுக்கொண்டு, தொடையை ஆட்டி ஆட்டி, ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்ப முனகி, அவன் தூங்கினதும் எழுந்தாள். அவள் எழுந்தாள், மடி எழவில்லை. பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு பள்ளத்தில் கிடப்பதுபோல வளைந்து, தருண் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பாய்க்கும் நடுவில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, கை வைத்தால் சூடு இருந்தது. பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாத்துக்கங்கண்ணே, வந்துர்றேன்" என்றாள்.

"போயிட்டு வாம்மா" என்றேன்.

கண்காட்சியில் முகிலரசி வைத்திருந்த சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மாதிரியை அவள் அம்மா முழுக்கப் பார்த்தாள், கேட்டாள், கை தட்டினாள். ஜெபக்கனி டீச்சர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, "இருக்கட்டும் டீச்சர்" என்று நின்றாள். மறுபடியும் சொன்னபோது உட்காரப் பார்த்தாள், முடியவில்லை, இடுப்புக்குக் கீழே மடிகிற இடமே இல்லாமல் ஒரு பலகைபோல நின்றாள். நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம், குந்திக்கூடக் கொள்ளலாம், அதற்கெல்லாம் மடி வேண்டியதில்லை. உட்கார மட்டும் முடியாது. ஏழரைக்கு வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதே இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாள், மடி அவளோடு போய்விட்டது.

இதைக் கம்பெனிகளில் திங்கட்கிழமை டீ நேரத்தில் பேசினார்கள். எவரும் நம்பாமல் இல்லை. எப்படி என்று கேட்டார்களே தவிர, எதனால் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தை தூங்கின பிறகு எழ வேண்டுமா, தூங்கும்போதேவா, புடவை இல்லாமல் சுடிதார் என்றால் நடக்குமா, இதுதான் கேள்வி. வீட்டில் பழகிப் பார்த்தார்கள். முதலில் சிலருக்கு மடி விடவில்லை, குழந்தை தூங்குவதற்குள் எழ அவசரப்பட்டவர்களுக்கு வரவேயில்லை. அடுப்படிக்கும் மொட்டைமாடிக்குமாக மடியை விட்டுவிட்டுப் போய் வந்தவர்கள் உண்டு. ஒருத்தி மடியை வீட்டில் மறந்துவிட்டுக் கம்பெனி வேனில் ஏறி, பதினாறு கிலோமீட்டர் நின்றபடியே போய், மிஷினில் உட்கார முடியாமல் அரை நாள் லீவு போட்டாள்.

நாகமணி உடனே விதி வகுத்தாள். ஒரு மடிக்கு ஒரு குழந்தை. இரட்டைக் குழந்தைக்காரர்கள் இரண்டு மடி கொண்டுவர வேண்டும். விட்ட மடியை விட்டவர்தான் எடுக்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் அறையில் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

"ரெண்டு மடிக்கு எங்க போறது?" என்று இரட்டைக் குழந்தைக்காரி கேட்டாள்.

"ஏன், நான் இல்லியா?" என்றான் அவள் புருஷன் ஜமால். பள்ளிக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறவன்.

"ஆம்பளைக்கு ஏதுங்க மடி?" என்று நாகமணி சிரித்தாள். "உங்களுக்கெல்லாம் கல்லாப்பெட்டிதான்."

"ராத்திரி எம் புள்ளை எதுல தூங்குதுன்னு வந்து பாருக்கா" என்றான் ஜமால்.

மூன்றாவது வெள்ளியன்று அவன் லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, மகளைத் தூங்கவைத்து, எழுந்தான். மடி இருந்தது. நான் கை வைத்துப் பார்த்தேன், அதே சூடுதான், வித்தியாசம் இல்லை. நாகமணியும் வைத்துப் பார்த்தாள், பிறகு விதியில் தாய் என்று இருந்த இடத்திலெல்லாம் பெற்றவர் என்று மாற்றி எழுதினாள்.

அன்று செப்டம்பர், இலக்கிய மன்ற விழா. குழந்தைகள் இருபத்து மூன்று, மடிகள் இருபத்து மூன்று. அழுகை இல்லை. இருபத்து மூன்று குழந்தைகள் ஒரு சாண் உயரத்தில் வரிசை வரிசையாகத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் கதவருகே நின்றேன். கூடத்தில் நான் போட்டிருந்த நூற்றிருபது நாற்காலிகளில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இருபத்து மூன்று பேர் சுவரோரமாக நின்றபடியே பிள்ளைகளின் பேச்சைக் கேட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

ஆறு ஐம்பதுக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் தருண் விழித்துக்கொண்டான், இருட்டில் அவன் மூச்சைப் பிடிப்பது எனக்குக் கேட்டது, அதாவது எதுவும் கேட்காமல் போனது. தடவிப் போய் அவனைத் தூக்கினேன். குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவன் காதோடு மெதுவாக எண்ணினேன், நாற்பதில் மூச்சு வந்தது, நூறில் விக்கல் நின்றது, இருநூற்றுப் பதினேழில் கரண்ட் வந்தது, அவன் தூங்கியிருந்தான். அவனை அவன் அம்மாவின் மடியில் திரும்பக் கிடத்திவிட்டு, ஏழு மணி அடிக்க ஓடினேன். அந்த இருட்டில் நான் நின்றேனா, சாய்ந்தேனா, என்ன செய்தேன் என்று நான் கவனிக்கவில்லை. கவனமெல்லாம் எண்ணுவதில் இருந்தது.

ஏழரைக்கு எல்லாரும் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். இருபத்து மூன்று பேரும் போன பிறகு, பாயைச் சுருட்டும்போது, ஜன்னல் பக்க மூலையில் பாய் சுருள மறுத்தது. கை வைத்தேன். சூடாக ஒரு மடி இருந்தது.

நான் ஏழு தடவை எண்ணிப் பார்த்தேன். வந்தது இருபத்து மூன்று, போனது இருபத்து மூன்று, மிச்சம் ஒன்று.

இருபத்து நான்காவது மடி யாருடையது என்பதுதான் அதன்பிறகு ஊரில் பேச்சு. மடியில்லாமல் ஒருத்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை என்றார்கள் சிலர். மடிதான் குட்டி போட்டிருக்கிறது என்றார்கள் சிலர். செத்துப்போன யாரோ ஒருத்தியுடையது என்று ஆரம்பித்தவர்களை, "செத்தவங்க மடி சூடா இருக்குமாக்கும்?" என்று கேட்டு ஜமால் அடக்கினான். பகலில் அது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அங்கேயே இருந்தது. கால் இடறாமல் இருக்கக் கணக்கு டீச்சர் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளையை அதில் படுக்கச் சொன்னார்கள், வலி நின்றது, அதனால் வயிற்றுவலி அதிகமாயிற்று, ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். தப்பு செய்து அடி வாங்கிய பிள்ளை இடைவேளையில் தானாகப் போய் அதில் சுருண்டுகொள்ளும். மேலிடத்துக்கு எழுதலாமா என்று ஜெபக்கனி டீச்சர் யோசித்து, தளவாடச் சாமான் பட்டியலில் எழுதுவதா மாணவர் நலனில் எழுதுவதா என்று பிடிபடாமல் விட்டுவிட்டார்.

நாகமணிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, எண்ணிக்கையில நீங்க தப்பவே மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. ஒண்ணு அதிகம்னா என்னுங்க அர்த்தம்?"

"ஒண்ணு அதிகம்னு அர்த்தம்மா."

"யாரோடதுன்னு தெரியாம எப்படிங்க குழந்தைகளை அதே ரூம்ல விடறது? நாளைக்கே ஒரு குழந்தை அதுலயிருந்து எந்திரிக்கமாட்டேன்னு சொன்னா யார் பொறுப்பு? கணக்கு தீந்தாத்தான் அந்த ரூமைத் தொறக்கறது. இல்லேன்னா அக்டோபர்ல இந்த ஏற்பாடே கெடையாதுங்க."

அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அக்டோபர் என்றதும் எனக்குப் பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. அந்த அறை திறக்காவிட்டால் தருணை விட இடமில்லை, தருணை விடாவிட்டால் அவள் அதிகாரிமுன் வர முடியாது, அவள் வராவிட்டால் முகிலரசியின் இடம் ரெண்டாவது பேருக்கு. அன்று சாயங்காலமே நோட்டை எடுத்துக்கொண்டு நானும் நாகமணியும் தேடக் கிளம்பினோம்.

சோதனை எளிதானது. வீட்டு வாசலில் பாயைப் போட்டு, உட்காரச் சொல்வது. உட்கார முடிந்தால் மடி இருக்கிறது. பெயருக்கு எதிரே 'உட்கார்ந்தார்' என்று எழுதுவேன். முதலில் பெண்கள். ஏழு நாளில் இருநூற்று முப்பத்தொரு பேர் உட்கார்ந்தார்கள். மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்தார்கள், குளித்த தலையோடு உட்கார்ந்தார்கள், முழங்கால் வலிக்காரி ஒருத்தி எங்களைத் திட்டியபடியே உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்க நாங்கள்தான் தூக்கிவிட்டோம். பெண்கள் முடிந்ததும் ஜமால், "ஆம்பளைங்களையும் பாருங்கண்ணா, என்னோடதும் மடிதானே" என்றான். ஆண்கள் நூற்று எண்பத்தெட்டு. எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஊருக்கு வந்திருந்த பேச்சியம்மாள் புருஷன்கூட லாரியிலிருந்து இறங்கி, ரோட்டிலேயே உட்கார்ந்து காட்டிவிட்டு ஏறிப்போனான். ஆசிரியர்கள் பத்தொன்பது. எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் நாகமணிதான் கேட்டாள். ஜெபக்கனி டீச்சர் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

மொத்தம் நானூற்று முப்பத்தெட்டு. எல்லாருக்கும் எதிரே 'உட்கார்ந்தார்'. மூலையில் மடி அப்படியே இருந்தது. எங்கே பிசகியது என்று புரியாமல், நான் என் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டே நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு மனத்துக்குள் மறுபடி கூட்டுவேன். கூட்டல் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்காவது வெள்ளி வந்துவிட்டது.

அதிகாரி ஐந்தரைக்கே வந்து கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார், ஏழு மணிக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றார். ஆறாம் வகுப்பு அ பிரிவு பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில், நாகமணி கதவுக்குக் குறுக்கே. வராந்தா முழுக்கக் குழந்தைகளோடு ஆட்கள் நின்று, ஒருவரை ஒருவர் மறித்துப் பேசினார்கள். இன்றைக்கு மட்டும் திறக்கலாம் என்றார்கள், கூடவே கூடாது என்றார்கள், அந்த மடியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திறக்கலாம் என்றார் ஒருவர், அதை எப்படி எடுப்பது என்று கேட்டார் இன்னொருவர். சத்தம் கேட்டு ஜெபக்கனி டீச்சரும் வந்துவிட்டார்.

ஆறு இருபத்தைந்துக்குப் பேச்சியம்மாள் ஓடிவந்தாள். கம்பெனியில் அவசர ஆர்டர், அப்போதுதான் விட்டிருக்கிறார்கள். தலையில் பஞ்சுத் தூசி, தோளில் தருண், கண்ணை அகல விழித்துக்கொண்டு.

"அண்ணே, கதவைத் தொறங்கண்ணே."

நான் நாகமணியைப் பார்த்தேன்.

"எம் மேல கோவப்படாதீங்கக்கா" என்றாள் நாகமணி. "கணக்கு தீரலை. யாரோடதுன்னே தெரியாத ஒண்ணு உள்ள இருக்குதுங்க."

"யாரோடதா இருந்தா என்ன, மடிதானே!"

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் என்னையத்தானுங்க கேப்பாங்க."

கூடத்திலிருந்து முகிலரசி ஓடிவந்தாள். "அம்மா, பேரு கூப்புட்டாச்சும்மா. ஏழு மணிக்கு அவர் கெளம்பிருவாராம்" என்றாள். பேச்சியம்மாள் மகளைப் பார்த்தாள், தோளில் இருந்தவனைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரையும் பாத்துட்டீங்களாண்ணே?"

"நானூத்தி முப்பத்தெட்டு பேரும்மா. ஒருத்தர் விடலை. எல்லாரும் உக்காந்துட்டாங்க."

"நீங்க உக்காந்தீங்களா?"

வராந்தாவில் சிலர் சிரித்தார்கள். ஜமால் சிரித்தான். பிறகு அவன்தான் முதலில் நிறுத்தினான், ஏனென்றால் பதினெட்டு வருஷமாக எதிர்க்கடையிலிருந்து என்னைப் பார்க்கிறவன் அவன்.

"அண்ணா உக்காந்து நான் பாத்ததே இல்லியே" என்றான்.

யாரும் பார்த்ததில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள் இருக்கிற இடத்தில் உதவியாளர் உட்காருவதில்லை, அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்றால் இல்லை, ஆனால் நான் உட்கார்ந்ததில்லை, அவர்களும் உட்காரச் சொன்னதில்லை, ஆறு தலைமையாசிரியர்கள் வந்து போய்விட்டார்கள். ஜெபக்கனி டீச்சர் நடந்து போனார். அவர் அறை வாசலிலிருந்து என் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் இருந்த கட்டையும் நோட்டும் அவருடைய இன்னொரு கையில் இருந்தன.

"உக்காருங்கண்ணா" என்றார்.

"இருக்கட்டும் டீச்சர்."

"உக்காருங்க."

நூறு பேருக்குமேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒருவர் பார்த்தாலே காது சூடாகிவிடும். ஸ்டூல் பக்கம் திரும்பி நின்று, கையை ஊன்றி, உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடி பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நான் ஒரு பலகைபோல நின்றேன்.

அப்போதுதான் அந்த இருட்டு எனக்கு ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பதினேழு எண்ணுகிறவரை நான் ஜன்னல் மூலையில், பாய்மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாக எனக்கு மடி இல்லை, ஒரு மாதமாக அது தெரியவரும்படி எதுவும் நடக்கவில்லை.

நாகமணி என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், குறுக்கே இருந்து விலகிக்கொண்டாள்.

"அட ஏனுங்கண்ணா" என்றாள் மெதுவாக. "சொல்லியிருக்கலாமல்ல?"

"எனக்கே தெரியலைம்மா" என்றேன். அது உண்மை.

திறந்தேன். எல்லாரும் உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாளும் உட்கார்ந்து தருணை மடியில் போட்டு ஆட்டினாள், ஆனால் அவசரத்தில் ஆட்டுகிற மடி குழந்தைக்குத் தெரியும், அவன் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீழே நழுவினான். முகிலரசி வாசலில் கையைப் பிசைந்தபடி நின்றாள். ஆறு நாற்பது. தருண் பாயில் தவழ்ந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைச் சுற்றி, ஜன்னல் பக்கம் போய், சாக்பீஸ் வட்டத்துக்குள் நுழைந்து, ஏறினான். பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒருக்களித்துப் படுத்து, விரலை வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தான். எதற்காகப் பார்க்கிறான் என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எண்ண ஆரம்பித்தேன். அறுபதில் கண் செருகியது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். அவளுடைய மடி அவளிடமே இருந்தது.

"அண்ணே, விட்டுட்டுப் போகட்டா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன், ஏனென்றால் எண்ணுவதை நிறுத்த முடியாது. அவளும் மகளும் மைதானத்தில் ஓடுவது ஜன்னலில் தெரிந்தது.

கூடத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஜமால் வந்து சொன்னான். குழந்தையை விட்டுவந்த இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள், ஒருத்தி மட்டும் அதிகாரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புடவையை மடியில் நேராக்கிக்கொண்டு, பெண்ணை ஏன் அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள், விட்டுவிட்டு இருப்பீர்களா என்று அவர் கேட்டதற்கு, "விட்டுட்டு இருக்கப் பழகிக்கிட்டேன் சார்" என்றாளாம். கையெழுத்துப் போட்டாளாம். அப்போது ஆறு ஐம்பத்தெட்டு என்றான் ஜமால்.

நான் அறையில் இருந்தேன். கதவருகே நின்று, முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் கீழே கை வைத்து எண்ணினேன். குழந்தைகள் இருபத்து மூன்று. மடிகள் இருபத்து மூன்று.

ஏழரைக்கு எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு ஜெபக்கனி டீச்சர், "நீங்களும் எடுத்துக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நான் கூச்சப்படுவேன் என்று வெளியே போய்விட்டார். வட்டத்துக்குள் கை வைத்தேன். சூடாக இருந்தது, ஓர் இடத்தில் தருணின் எச்சில் ஈரம். உட்கார்ந்து எழுந்தால் போதும், என்னோடு வந்துவிடும். அடுத்தது நவம்பர் மாதக் கூட்டம், அன்றைக்கும் யாராவது தாமதமாக வருவார்கள். வட்டத்தில் அழிந்திருந்த இடத்தைச் சாக்பீஸால் சரிசெய்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, வராந்தா விளக்கடியில் நின்று நோட்டைத் திறந்து, விட்டுப்போன வரியை எழுதினேன்.

439. பொன்னுரங்கம், அலுவலக உதவியாளர். உட்காரவில்லை. மடி உள்ளது.